மூலபாடமும் திருத்தபாடமும்: ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் பாடவரலாறு

நூல்களுக்குப் பாடவரலாறு உண்டென்பது பதிப்பியலார் நன்கறிந்த செய்தி. திரைப்படத்திற்கும் அத்தகைய வரலாறு உண்டு என்பதற்கு, ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1977 மே 25இல் அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ தக்க சான்றாகும். அதன் மூல வடிவத்தையும், இயக்குநர் திருத்திய வடிவங்களையும், ரசிகர்கள் தொகுத்த வடிவங்களையும் ஒப்பிடுகையில், மொழிபெயர்ப்பாளருக்குரிய அடிப்படை வினா ஒன்று எழுகிறது: எப்பாடத்தை மூலமாகக் கொள்வது?

மூலம் என்பதே ஒருமைத் தன்மை உடையதன்று. 1977இல் இப்படத்திற்கு ஆறு தட ஒலி, டால்பி ஸ்டீரியோ, மோனோ என மூன்று ஒலிக்கலவைகள் அமைந்தன. மோனோ கலவையில் பெரு என்னும் பாத்திரம் வேறொரு குரலில் பேசுகிறது. ஸ்டீரியோ கலவையில் இல்லாத உரையாடலும் அதில் உண்டு. வெளியான ஆண்டிலேயே பாடபேதம் தோன்றிவிட்டது எனலாம்.

1981ஆம் ஆண்டு மறுவெளியீட்டில், தொடக்கத்தில் நகரும் முன்னுரையில் நான்காம் அத்தியாயம் என்னும் குறிப்பும் ஒரு துணைத்தலைப்பும் சேர்க்கப்பட்டன. தனித்து நின்ற கதை இதனால் ஒரு நெடுந்தொடரின் நடுப்பகுதியாக மாறிற்று. மதுக்கடைக் காட்சியில், மூலத்தின்படி ஹான் சோலோ மட்டுமே சுடுகிறான். 1997ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பில் எதிரியான கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுகிறான். 2004ஆம் ஆண்டு டிவிடியில் இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுடுகின்றனர். தாக்குபவன் தற்காத்துக்கொள்பவனாக மாறுவதால் பாத்திரத்தின் அறநிலையே வேறுபடுகிறது.

மொழியியலார் கருதத்தக்க மாற்றங்களும் உள. கிரீடோ பேசும் புனைமொழி, தென் அமெரிக்கக் கெச்சுவா மொழியின் ஒலியமைப்பைத் தழுவியது. 2019இல் டிஸ்னி பிளஸ் வெளியிட்ட வடிவில் அவன் சுடுமுன் புதிய சொல்லொன்றைக் கூறுகிறான். அதற்குச் சப்டைட்டில் இல்லை. விண்நிலையக் கருவியொன்றில் ஆங்கிலத்தில் இருந்த பெயர், 2004இல் அவுரபெஷ் என்னும் புனைவெழுத்தாக மாற்றப்பட்டது. முன்னைய வடிவில் மொழிபெயர்க்க வேண்டியிருந்த எழுத்துரை, பின்னைய வடிவில் மொழிபெயர்ப்புக்கு உட்படாத குறியாகிவிட்டது.

திரைப்படங்களைப் பின்னர் மாற்றுவதற்கு எதிராக 1988இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன் சாட்சியமளித்தவர் லூகாஸ் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் அவ்வெதிர்ப்பு, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றுதல் போன்று உரிமையாளர் பிறர் செய்யும் மாற்றங்களைக் குறித்தது. தம் படைப்பைத் தாமே திருத்தும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1989இல் தேசியத் திரைப்படப் பதிவேடு முதன்முதலாகத் தேர்ந்த 25 படங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாறு சிறப்பிக்கப்பட்டது 1997க்கு முற்பட்ட படமே. 1997க்குப் பின் மக்கள் கடையில் பெற்றதோ பெரும்பாலும் திருத்தபாடம். 2006இல் பழைய வடிவம் டிவிடியின் இணைப்பாக வந்தபோதும், அது 1993ஆம் ஆண்டு லேசர் டிஸ்க் மூலப்படியிலிருந்து எடுக்கப்பட்ட, தரம் குறைந்த படியாகவே இருந்தது.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்ற ரசிகர் வடிவங்களை ஒரே வகையாகக் கருதுதல் பொருந்தாது. ‘டிஸ்பெஷலைஸ்டு’ வடிவம், 2011ஆம் ஆண்டுப் புளூரேயை அடித்தளமாகக் கொண்டு, மாற்றப்பட்ட இடங்களைப் பிற படிகளிலிருந்து மீட்கிறது. இது பல சுவடிகளை ஒப்பிட்டு அமைத்த கலப்புப் பாடத்தை ஒத்தது. 2018இல் வெளிவந்த ‘4கே77’ பெரும்பாலும் 1977ஆம் ஆண்டின் ஒரே 35 மி.மீ. திரைப்படியைச் சார்ந்தது, ஒற்றைச் சுவடிப் பதிப்பு போன்றது. 1999ஆம் ஆண்டுப் படத்தைச் சுமார் 20 நிமிடம் குறைத்து 2001இல் பரவிய ‘ஃபேண்டம் எடிட்’ மீட்பு அன்று, மறுபடைப்பு. முதலிரண்டும் பதிப்புப் பணி. மூன்றாவது தழுவல் பணி.

ஆசிரியரின் இறுதி விருப்பம், மக்கள் முதலில் பெற்ற பாடம் ஆகிய இரண்டும் மோதும்போது ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுவுதல் பதிப்பு நெறியாகாது. 2025 ஜூனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் லண்டனில் 1977ஆம் ஆண்டுத் திரைப்படியொன்றைத் திரையிட்டமை, இரண்டும் அருகருகே நிலவ இயலும் என்பதைக் காட்டுகிறது. ஆதலின் திரைப்பட உரையாடலை மொழிபெயர்ப்போரும் ஆய்வோரும் படத்தின் பெயரை மட்டும் சுட்டுதல் போதாது. வடிவத்தின் ஆண்டையும் ஒலிக்கலவையையும் உடன் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், இல்லாத மூலத்தோடு மொழிபெயர்ப்பை ஒப்பிட்டுப் பிழை காணும் நிலை நேரும்.