எண்ணிக்கையும் தேடலும்

நூறு ஆடுகளுள் ஒன்று தவறிப்போனதை ஆயன் எவ்வாறு அறிந்தான்? எண்ணிப் பார்த்ததனால் அறிந்தான். அந்த உவமையில் நாம் பெரும்பாலும் தேடலையே தியானிக்கிறோம். தேடலுக்கு முந்திய எண்ணிக்கையை மறந்துவிடுகிறோம். அமெரிக்கப் பள்ளிக் கல்வியின் வரலாறு இவ்விரண்டையும் ஒருசேர நமக்கு நினைவூட்டுகிறது.

1928ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் கொட்டுல்லா என்னும் சிற்றூரில், மெக்சிக்க வழிவந்த ஏழைச் சிறார்க்கு இருபது வயது இளைஞர் ஒருவர் ஆசிரியரானார். பசியோடு பள்ளிக்கு வந்த அம்முகங்கள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான லிண்டன் ஜான்சன். 1965 ஏப்ரல் 11 அன்று, தாம் சிறுவயதில் பயின்ற பழைய பள்ளியின் முன் அமர்ந்து, தம் முதல் ஆசிரியை அருகிருக்க, ஏழை மாணவர் பயிலும் பள்ளிகளுக்கு நடுவண் அரசு நிதி வழங்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

நிதி சென்றது, பயன் சென்றதா என்னும் வினா எஞ்சியது. 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' என்னும் பொருள்பட்ட பெயருடன் 2002 ஜனவரி 8 அன்று ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட சட்டம் அதற்கு விடை தேடிற்று. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு கட்டாயமாயிற்று. கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்க வழியினர், ஏழையர், மாற்றுத்திறனாளர், ஆங்கிலம் புதிதாய்க் கற்போர் என ஒவ்வொரு பிரிவின் தேர்ச்சியும் தனித்தனியே வெளியிடப்பட்டது. பள்ளியின் நல்ல சராசரிக்குப் பின்னே மறைந்துகிடந்த பிள்ளைகள் கண்ணுக்குப் புலப்பட்டனர். இஃது அச்சட்டத்தின் மறுக்கவியலா நன்மை.

ஆனால் 2014க்குள் அனைவரும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்றும், தொடர்ந்து தவறும் பள்ளிகள் நடவடிக்கைக்கு உள்ளாகும் என்றும் அது விதித்தது. தேர்ச்சியின் அளவுகோலை வகுக்கும் உரிமையோ மாநிலங்களிடமே இருந்தது. எனவே சில மாநிலங்கள் பிள்ளைகளை உயர்த்துவதற்கு மாறாக அளவுகோலைத் தாழ்த்தின. பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற்ற பலர் கல்லூரிக்குச் சென்றும், பட்டத்துக்குக் கணக்கிடப்படாத அடிப்படை வகுப்புகளில் மீண்டும் அமர நேர்ந்தது. இப்பாரம் ஏழையர் தோள்மீதே மிகுதியாக விழுந்தது.

2015 டிசம்பரில் பராக் ஒபாமா கையொப்பமிட்ட புதிய சட்டம் நடுவண் அரசின் கெடுபிடிகளைத் தளர்த்தியது. மாநிலத்தின் பாடத்தரம் அதன் அரசுக் கல்லூரிகளின் நுழைவுத் தகுதியோடு பொருந்த வேண்டும் என்றது. பிரிவுவாரியான கணக்கை மட்டும் அது கைவிடவில்லை.

எண்ணுவது தவறன்று. ஆனால் ஆயன் தவறிய ஆட்டைத் தண்டிக்கவில்லை. எண்ணிக்கையைத் திருத்தி எழுதவுமில்லை. தேடிச் சென்று தோளில் சுமந்து வந்தான். மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தும் நாம், அதன் அடியிலுள்ள பெயரைக் கண்டதும் யாரைத் தேடுகிறோம்: குற்றவாளியையா, குழந்தையையா?