தலைக்குப் போன மாவு

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் போட்ட பல விக்குகளுக்குப் பின்னால் குதிரைவாலும் உண்டு. 1706-ல் ரமில்லீஸ் போரில் மார்ல்பரோ பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்ததும் அந்தப் பெயரிலேயே ஒரு விக் வந்தது. நீளப் பின்னல், மேலும் கீழும் கறுப்பு ரிப்பன். (போரில் செத்த சிப்பாய்களின் பெயர் யாருக்கும் தெரியாது!)

வால் மெலிதாக இருந்தாலும் பக்கங்கள் புசுபுசுவென்று தெரிய வேண்டுமே? முடியைக் களிமண் உருளைகளில் சுற்றி, வேகவைத்து, காயவைத்துச் சுருளாக்கினார்கள். அதன்மேல் கொழுப்புக் களிம்பு, அப்புறம் வெள்ளைப் பவுடர். பவுடர் என்றால் பெரும்பாலும் மாவுச்சத்துதான். சாப்பிட வேண்டிய தானியம் தலைக்குப் போனது.

1795-ல் பிரான்சோடு போர், விளைச்சலும் மோசம், ரொட்டி விலை எகிறியது. பிரதமர் பிட் பவுடருக்கு வரி போட்டார். ஆளுக்கு வருடம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். கல்யாணமாகாத மகள்கள் எத்தனை பேர் இருந்தாலும் இரண்டு பேருக்குக் கட்டினால் போதும் என்று சலுகை வேறு! கட்டியவர்களை 'கினிப்பன்றி' என்று கேலி செய்தார்கள். பிட்டைப் பிடிக்காத பெட்ஃபோர்டு பிரபு நண்பர்களோடு முடியையே குட்டையாக வெட்டிக்கொண்டார். வரி கட்டுவதைவிட பவுடரை விடுவது சுலபம் அல்லவா? ஏற்கெனவே நொடித்துக்கொண்டிருந்த விக் தொழிலாளிகள் பாடுதான் திண்டாட்டம். 1765-லேயே பிழைப்பு போகிறதென்று மன்னரிடம் மனு கொடுத்தவர்கள் அவர்கள்.

ராணுவத்தில் வால் 1808-ல்தான் ஒழிந்தது. வரிச்சட்டம் மட்டும் 1869 வரை கிடந்தது.