குழுவுக்குப் போன மசோதாவும் போகாத மசோதாவும்

பல்லடம் அருள்புரத்தில் லைன் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் முதல் கேள்வி, "ஆதார் இருக்குதுங்களா?" என்பதுதான். 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில் வங்கதேசத்தவர் 31 பேரைப் போலீசார் பிடித்தார்கள்; பெரும்பாலோர் தங்கியிருந்தது பல்லடம் பக்கம். இரண்டே மாதத்தில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் மசோதா மக்களவைக்கு வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்குக் குடியுரிமை தர 2016இல் வந்த குடியுரிமைத் திருத்த மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போனது. இது போகவில்லை.

2016 மசோதாவை முதலில் சத்யபால் சிங் தலைமையிலும், அவர் அமைச்சரான பிறகு ராஜேந்திர அகர்வால் தலைமையிலும் குழு விசாரித்தது. அறிக்கைக்கான கெடு தள்ளிக்கொண்டே போனது. 2018 மே மாதம் அசாமுக்குப் போனபோது குவாஹாட்டியில் கடும் எதிர்ப்பு, சில்சாரில் ஆதரவு. ஒரே மாநிலம்தான், பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்குக்கு ஒரு நியாயம், பராக் பள்ளத்தாக்குக்கு வேறொரு நியாயம். உளவுத்துறை குழுவிடம் ஒரு கணக்கும் சொன்னது: மத ஒடுக்குமுறையைக் காரணம் காட்டி நீண்டகால விசா பெற்றிருந்தவர்கள் 31,313 பேர். இந்துக்கள் 25,447, சீக்கியர் 5,807, கிறித்தவர் 55, பௌத்தரும் பார்சிகளும் தலா 2. மேடைகளில் இரு தரப்பும் லட்சத்திலும் கோடியிலும் பேசிய விவகாரத்தில், உடனடிப் பயனாளிகள் இவ்வளவுதான் என்று ஏட்டில் ஏறியது குழுவால்தான்.

மசோதாவைக் குழு செதுக்கியதா என்றால், பெரிதாக இல்லை. 2019 ஜனவரி 7இல் மாற்றுக் கருத்துகளோடு அறிக்கை. மறுநாளே மக்களவையில் நிறைவேற்றம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஊறவைத்துவிட்டு ஒரே ராத்திரியில் ஆட்டிவிட்டார்கள். மாநிலங்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியானது. அதே ஆண்டு டிசம்பரில் புது மசோதாவாகத் திரும்பியபோது வடகிழக்கின் ஆறாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளுக்கு விலக்கு இருந்தது. வடகிழக்கில் குழு கேட்ட குரல்களுக்குத் தாமதமாக வந்த அரைகுறைப் பதில் என்று இதைச் சொல்வேன். மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுகவின் 11 வாக்குகள் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் கதை வேறு.

2025 மசோதாவுக்கு இந்தச் சுற்றெல்லாம் இல்லை. மார்ச் 11இல் அறிமுகம், 27இல் மக்களவை, ஏப்ரல் 2இல் மாநிலங்களவை, 4இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை எடுத்துவிட்டு ஒன்றாக்கியது நல்ல காரியம். ஆனால் தான் வெளிநாட்டவர் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரவர் தலையிலேயே என்ற 1946ஆம் வருஷத்து விதி, புதுச் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. போலி ஆவணத்துக்கு 2 முதல் 7 ஆண்டு சிறை. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவருக்குத் தகவல் சொல்லும் கடமை.

குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அனுப்பியிருந்தால் எம்பிக்கள் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேற்கு வங்க மால்டாக்காரர் பேசுவதும் வங்கமொழி, வங்கதேச ராஜ்ஷாஹிக்காரர் பேசுவதும் வங்கமொழி. காதால் பிரிக்க முடியாத அந்த வித்தியாசத்துக்கு லைன் வீட்டுக்காரரும் கோழிப்பண்ணைக்காரரும் எப்படிப் பொறுப்பேற்பது என்று மனு எழுதிப்போட ஒரு முகவரியாவது இருந்திருக்கும். 2016 குழுவுக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் போயின.

இரண்டு மசோதாக்களிலும் இல்லாதவர்கள் இலங்கைத் தமிழர்கள். கோவை பூளுவபட்டி முகாமிலும் பவானிசாகர் முகாமிலும் இருப்பவர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு, சட்டம் நடைமுறைக்கு வந்த 2025 செப்டம்பரில் உள்துறை உத்தரவாக வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு மட்டும். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு அதே உத்தரவில் கெடு 2024 டிசம்பர் 31. ஜனவரி 9, இலங்கையில் சிறிசேன அதிபராகப் பதவியேற்ற நாள். கொழும்பில் ஆட்சி மாறியதும் அச்சம் தீர்ந்தது என்று கணக்கா? 2022இல் பசிக்குப் பயந்து தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்கள் எந்தக் கணக்கில்? குழு உட்கார்ந்திருந்தால் அமைச்சக அதிகாரியை எதிரில் வைத்து யாராவது ஒருவர் இதைக் கேட்டிருப்பார். பதிலும் அச்சில் இருந்திருக்கும்.