வைரஸ் ஏந்தித் தடுப்பூசிகளும் இந்தியக் காப்புரிமையும்

வைரஸ் ஏந்தித் தடுப்பூசி என்பது, ஒரு நோய்க்கிருமியின் மரபணுத் துண்டைத் தீங்கு செய்யாத வேறொரு வைரஸில் பொருத்தி உடலுக்குள் அனுப்பும் தடுப்பூசி. ஏற்றிச் செல்லும் வைரஸே ஏந்தி. ஆய்வகங்களில் வெக்டர் என்பார்கள். உடலுக்குள் போனதும் அந்தத் துண்டு நோய்க்கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் உண்டாக்கும். உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றலைத் தயார் செய்துகொள்ளும். வைரஸ் இயற்கையில் உள்ளது, அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. எந்த மரபணுவை வெட்டி எறிந்தார்கள், எதை எங்கே ஒட்டினார்கள், எந்தச் செல்லில் வளர்த்தார்கள் என்பதற்குத்தான் காப்புரிமை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்களே ஊசியை யார் தயாரிக்கலாம், எந்த நாட்டில் விற்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

தொடக்கம்

பெரியம்மையை ஒழிக்க உதவிய வாக்சீனியா வைரஸையே முதலில் ஏந்தியாக்கினார்கள். 1982இல் அமெரிக்காவில் பெர்னார்ட் மாஸ் குழுவும், என்ஸோ பவொலெட்டி, டென்னிஸ் பனிகாலி இருவரும் தனித்தனியே இதைச் செய்துகாட்டினர். பின்னவர்களின் கண்டுபிடிப்புக்கு 1986இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பனிகாலி பிறகு நடத்திய தெரியான் பயாலஜிக்ஸ் நிறுவனம் தயாரித்த எச்.ஐ.வி. தடுப்பூசி, 2006இல் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் தன்னார்வலர்களிடம் முதல்கட்டமாகப் பரிசோதிக்கப்பட்டது. வாக்சீனியாவின் வலுவிழந்த வகையான எம்.வி.ஏ.வே அதன் ஏந்தி. பாதுகாப்பானது என்று தெரிந்தும் அது ஊசியாகச் சந்தைக்கு வரவில்லை.

கோழித் தடுப்பூசியும் கல்கத்தா தீர்ப்பும்

இந்தியாவில் உயிருள்ள தடுப்பூசிக்குக் காப்புரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது கோழி நோய் ஒன்றின் வழியாக. சேர்வராயன் மலைக்குத் தெற்கே, 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல்லின் பண்ணைக்காரர்களுக்குக் கம்போரோ நோயை விளக்கத் தேவையில்லை. ஐ.பி.டி. என்றும் சொல்வார்கள். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத் தாக்கி, மலவாய்க்கு அருகிலுள்ள பர்சா என்னும் உறுப்பை அழிக்கும். எதிர்ப்பாற்றல் செல்கள் முதிரும் இடம் அது. பிழைத்த குஞ்சுக்கும் பிற ஊசிகள் சரியாகப் பிடிக்காது.

வழக்கமான தடுப்பு மருந்து, வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். பண்ணையில் அதைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். குஞ்சுகளுக்குத் தாகம் எடுக்கும்வரை தண்ணீரை நிறுத்திவைத்து, குளோரின் மருந்தைக் கெடுத்துவிடாதிருக்க முதலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, பிறகே மருந்தைச் சேர்ப்பார்கள்.

இந்த நோய்க்கான தடுப்பூசி ஒன்றைத் தயாரிக்கும் முறைக்கு டிமினாக்கோ என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம் காப்புரிமை கேட்டது. இறுதிப் பொருளில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது ‘உற்பத்தி’ ஆகாது என்று காப்புரிமை அலுவலகம் மறுத்தது. நிறுவனம் கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றது. 2002 ஜனவரி 15 அன்று வந்த தீர்ப்பு, விளையும் பொருளில் உயிர் இருக்கிறது என்பதற்காக மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது; விற்கத்தக்க பொருள் உருவானால் அது உற்பத்தியே என்றும் சொன்னது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் நுண்ணுயிரிகளை விலக்குப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் முறை 2005இல் வந்தது. இந்தியாவின் உயிர்த்தொழில்நுட்பக் காப்புரிமைக்குக் கதவைத் திறந்தது இந்தக் கோழி வழக்குதான் என்று சொன்னால் மிகையில்லை.

இன்று ஐ.பி.டி.க்கு ஏந்தித் தடுப்பூசியே வந்துவிட்டது. வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸில் கம்போரோ வைரஸின் வி.பி.2 மரபணுவைப் பொருத்தியிருக்கிறார்கள். திரவ நைட்ரஜனில் வைத்திருந்து, குஞ்சு பொரிப்பகத்திலேயே ஒரு நாள் குஞ்சின் கழுத்துத் தோலடியில் போடுகிறார்கள். தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் பழைய மருந்தை முறித்துவிடும். இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. தண்ணீரில் கலக்கும் வேலையும் மிச்சம்.

கோவிட் காலம்

2021 ஜனவரி 16 முதல் இந்தியாவில் மிக அதிகமாகப் போடப்பட்ட கோவிஷீல்டு ஓர் ஏந்தித் தடுப்பூசி. சிம்பன்சியின் அடினோவைரஸிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏந்தி அது. பெருகுவதற்குத் தேவையான ஈ1 மரபணு நீக்கப்பட்டிருப்பதால் நம் உடலில் பெருகாது. அந்த மரபணுவைத் தன்னிடம் வைத்திருக்கும் செல்களில் மட்டுமே வளரும். ஆக்ஸ்ஃபோர்டு அஸ்ட்ராஜெனிகாவுக்கு உரிமம் தந்தது, அஸ்ட்ராஜெனிகா புனே சீரம் நிறுவனத்துக்குத் தந்தது. 170 கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் இங்கே போடப்பட்டன. மிக அரிதாக இரத்த உறைவும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வரும் பக்கவிளைவு இதனோடு தொடர்புடையது என்பதும் பதிவாக வேண்டிய செய்தி.

அடுத்தது இன்கோவாக். திருத்தணிக்கு அருகே நெமிலியில் பிறந்த கிருஷ்ணா எல்லாவின் பாரத் பயோடெக் தயாரித்த மூக்கு வழி மருந்து. ஏந்தி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடையது. 2020 செப்டம்பரில் கிடைத்த உரிமத்தில் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா மூன்றும் விலக்கப்பட்டிருந்தன. ஒரு தவணைக்கு மூக்குத் துளை ஒவ்வொன்றிலும் நான்கு சொட்டு, மொத்தம் அரை மில்லி. இரண்டு தவணைக்கும் இடையே நான்கு வாரம். 2022 செப்டம்பர் 6 அன்று அனுமதி, 2023 ஜனவரி 26 அன்று அறிமுகம். தொற்றின் சீற்றம் தணிந்த பிறகு வந்ததால் அதன் முழுப் பயனையும் மக்கள் பார்க்கவில்லை.

இரண்டிலும் தயாரிப்புத் திறன் நம்முடையது, ஏந்தி வெளியாருடையது. 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் அறிவுசார் சொத்துரிமையைத் தற்காலிகமாக விலக்கக் கேட்டதற்கு நியாயம் இருந்தது. 2022 ஜூனில் கிடைத்தது, கேட்டதில் ஒரு சிறு பகுதிதான். கோடிக்கணக்கில் ஊசி தயாரிக்கும் நாடு சொந்த ஏந்திகளையும் வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க

ஏற்காட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ செய்யும் விண்ணப்பம் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வரும். எழுத்தில் முழுதும் விவரிக்க முடியாத உயிர்ப்பொருளின் மாதிரியைச் சண்டிகர், புனே போன்ற இடங்களிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். இந்திய உயிரியல் வளத்திலிருந்து பெற்ற கண்டுபிடிப்பென்றால், உரிமை வழங்கப்படும் முன் சென்னை தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவும் வேண்டும். சிகிச்சை முறைக்குச் சட்டத்தின் 3(ஐ) பிரிவின்படி காப்புரிமை இல்லை. ஆகவே மருந்தைக் கோரலாம், சொட்டு விடும் முறையைக் கோர முடியாது. காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆய்வாளர்கள் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். அச்சில் வெளிவந்துவிட்டால் புதுமை போயிற்று என்று மனு தள்ளுபடியாகும்.