காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய்: மறுசுழற்சியைத் தீர்மானிக்கும் விலையும் பொறுப்பும்

மறுசுழற்சி மந்தமாக நடக்கும் நாடுகளில் பழி முதலில் மக்கள்மீதே விழுகிறது. அவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்கிறார்கள். இந்த விளக்கம் சான்றுகளோடு ஒத்துப்போகவில்லை. எறியப்படும் பொருளுக்கு என்ன விலை, அந்த விலையை யார் ஏற்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளே மறுசுழற்சியின் போக்கை முடிவு செய்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டையொட்டியே பிளாஸ்டிக் ஒழிப்பு இயக்கம் கண்ட மாவட்டம் அது. விழிப்புணர்வுக்கு அங்கே குறைவில்லை. ஆனாலும் மது பாட்டில்கள் காட்டில் வீசப்பட்டன. உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் தமிழக அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தருபவருக்கு அதைக் கொடுக்கத் தொடங்கியது. விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி வந்தது. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. இதில் குடித்தவர் மனம் மாறியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவர் எறிந்தாலும், பத்து ரூபாய்க்காக வேறொருவர் எடுத்துவருவார். ஜெர்மனியில் 2003 முதல் நடப்பதும் இதுதான். ஒருமுறை பயன்படும் பாட்டிலுக்கும் கேனுக்கும் அங்கே 25 சென்ட் வைப்புத்தொகை; ஏறத்தாழ 98 விழுக்காடு திரும்பி வருகிறது.

வைப்புத்தொகை இல்லாமலேயே பிரேசில் இதைச் சாதித்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அலுமினிய கேன்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் அங்கே மறுசுழற்சியாகிறது. பழைய கேனை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும். எனவே கேனுக்குச் சந்தையே விலை தந்துவிடுகிறது. ஆனால் அந்த வெற்றியைச் சுமப்பவர்கள் தெருவில் குப்பை சேகரிக்கும் ஏழைகள். அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் அவர்களை அங்கீகரித்தது என்றாலும், வறுமையை எரிபொருளாகக் கொண்டு ஓடும் மறுசுழற்சியை முன்மாதிரி என்று கொண்டாட என்னால் முடியவில்லை.

நம் காயலான் கடைகளும் இதே தர்க்கத்தில்தான் இயங்குகின்றன. இரும்பு, செம்பு, பழைய செய்தித்தாள், பெட் பாட்டில் எல்லாம் எடைக்குப் போகின்றன. ஷாம்பு பாக்கெட்டையும் சிப்ஸ் உறையையும் யாரும் தொடுவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்தப் பல்லடுக்கு உறையைப் பிரிப்பதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பைவிட அதிகம். சந்தை கைவிடும் இந்த இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது. நார்வேயில் பானக் கலன்களுக்குச் சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்பச் சேகரிக்கும் அளவு கூடக்கூட வரி குறைந்து, 95 விழுக்காட்டை எட்டினால் முற்றிலும் நீங்கிவிடும். அதனால் சேகரிப்பு, உற்பத்தியாளரின் சொந்த லாபக் கணக்காகிவிட்டது.

இந்தியாவிலும் உற்பத்தியாளர் பொறுப்பை 2016ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு விதிகள் பேசின. 2022இல் இலக்குகளும், மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை வாங்கி இலக்கை எட்டும் முறையும் வந்தன. ஆனால் சான்றிதழ் காகிதத்தில் கைமாறும்; உறையோ வாய்க்காலில் கிடக்கும். பல்லடுக்கு உறைக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலையை அரசு நிர்ணயிக்க வேண்டும். அதை உற்பத்தியாளரிடமிருந்து வசூலித்து, பொறுக்கி எடுத்துவருபவரின் கையில் நேரடியாகக் கொடுக்க வேண்டும்.