மந்தைப் பாதையில் எஞ்சிய வனம்

அவுஸ்திரேலியாவின் வரலாற்றைக் கம்பளியின் வரலாறாகவே எழுதிவந்தோர், மந்தைப் பாதைகளை வெள்ளைக் குடியேறிகளின் வீரத்துக்குச் சான்றாகக் காட்டுவர். அப்பாதைகளை ஆழ்ந்து நோக்குவோமாயின், வேறொரு வரலாறும் நமக்குப் புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் ஆடுமாடுகளைச் சந்தைக்கும் புகையிரத நிலையத்துக்கும் ஓட்டிச் செல்வதற்கென அரசு நிலம் ஒதுக்கப்பட்டது. சில இடங்களில் அதன் அகலம் ஒரு மைல் வரை இருந்தது. இப்பாதைகளுட் பல, ஆதிக்குடிகள் நீர்நிலைதோறும் நடந்து சமைத்த வழிகளே. மேற்கு அவுஸ்திரேலியாவில் 1906ஆம் ஆண்டு பாலைநிலத்தினூடே பாதை அளக்கச் சென்ற அல்பிரட் கனிங்கின் குழுவினர், நீருள்ள இடத்தைக் காட்டுமாறு ஆதிக்குடிகளைச் சங்கிலியாற் பிணைத்தனர். 1908இல் அரச விசாரணைக்குழு கனிங்கைக் குற்றமற்றவரென விடுவித்தது.

பாதையின் இருமருங்கும் காணிகள் தனியார் வசமாயின. மரங்கள் பட்டையுரித்துக் கொல்லப்பட்டன. கோதுமைக்காக நிலம் உழப்பட்டது. பின்னர் இரசாயன உரமும் இடப்பட்டது. பாதையிலோ ஏர் படவில்லை. மந்தைகள் ஓரிடத்தில் தங்காது நாள்தோறும் குறித்த தூரம் நகர்ந்தாக வேண்டுமென்பது விதி. ஆடுகளுக்கு ஏறத்தாழ 6 மைல், மாடுகளுக்கு 10 மைல். ஆகவே மேய்ந்த புல் மீண்டும் தழைத்தது. வைற் பொக்ஸ், யெலோ பொக்ஸ் முதலிய முதுமரங்களும், கங்காருப்புல்லும், மரப்பொந்துகளில் முட்டையிடும் அரிய பச்சைக்கிளிகளும் அங்கே எஞ்சின. இம்மரங்கள் நிறைந்த வனவகை அழிவின் விளிம்பில் உள்ளதென 2006இல் அவுஸ்திரேலிய அரசு அறிவித்தது. அதன் சிறந்த எச்சங்கள் பல இப்பாதைகளிலேயே உள்ளன.

வனத்தைக் காக்கும் நோக்கம் பாதை வகுத்தோருக்கு இருந்ததில்லை. நிலம் தனியுடைமையாகாதிருந்ததே அதனைக் காத்தது. இவ்வுண்மை ஈண்டு மனங்கொளத்தக்கது.

இரண்டாம் உலகப் போரின் பின் மந்தைகளை லொறிகள் ஏற்றிச் செல்லலாயின. பாதைகள் பயனற்றவை, அவற்றைக் குத்தகைக்கு விட்டாலென்ன, விற்றாலென்ன என்ற வாதம் எழுந்தது. அயலிலுள்ள ஒருவருக்கு நிலையான மேய்ச்சலுக்கு விடின், ஓய்வின்றி மேயப்படும் நிலத்தில் இளங்கன்றுகள் மிஞ்சா. முதுமரங்கள் வீழ்ந்தபின் பொந்துகளுக்குக் கிளிகள் எங்கே போகும்? பொந்து உருவாக நூறாண்டுக்கு மேலாகும்.

எனினும் மந்தைகளை அறவே விலக்குதலும் தீர்வன்று. குறுகிய காலம் மேய்ந்து அகலும் மந்தை களைகளை அடக்க உதவும். நிலம் பொதுவில் நிலைத்தல், மேய்ச்சலுக்குக் கால வரையறை, வீழ்ந்த மரத்தையும் விறகாக்காது விடுதல் ஆகியனவே வேண்டற்பாலன. இவற்றைத் தீர்மானிக்கும் அவையில், அவ்வழிகளை முதலில் நடந்தோரின் வழித்தோன்றல்களுக்கு இடமில்லையெனின், பழைய அநீதியே தொடரும் என்போம்.