தனிவழியும் மிதிவண்டியும்: புதுக்கோட்டை திருச்சபைக்கு உணர்த்துவது

அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் விரைந்து வாசிப்போர் கவனியாது கடந்துவிடும் செய்தியொன்று உண்டு. துரோவாவிலிருந்து லூக்காவும் மற்றத் தோழர்களும் கப்பலேறுகின்றனர். பவுலோ ஆசோ பட்டணம்வரை, ஏறத்தாழ 20 மைல், தரைவழியே செல்லத் தாமே தீர்மானம் செய்கிறார். காரணத்தை லூக்கா கூறவில்லை. எருசலேமில் துன்பம் காத்திருப்பதை உணர்ந்த ஊழியருக்குத் தேவனோடு தனித்திருக்கும் நேரம் வேண்டியிருந்தது என்று கருத இடமுண்டு. எலியாவும் பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டுத் தனியே வனாந்தரத்திற்குள் போனான். ஆகவே, விசுவாசத்தினால் உந்தப்பட்ட தனிவழிப் பயணம் வேதாகமத்திற்குப் புதிதன்று. அது நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றில் எவ்வடிவங்களை எடுத்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. நடந்து வந்தோர்

புதுக்கோட்டைச் சீமை கிறிஸ்தவப் பயணிகளின் காலடிகளைப் பழைய காலந்தொட்டே அறிந்தது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்களின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாய் விளங்கியது. அம்மிஷனின் அருளானந்தர், பண்டாரசுவாமிகளின் கோலத்தில் ஊர் ஊராக நடந்து, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் இரத்தசாட்சியாக மரித்தார்.

சீர்திருத்தத் திருச்சபையினரான நமக்கு நன்கு அறிமுகமான நடைப்பயணம் கால்டுவெல் ஐயருடையது. 1838இல் சென்னைக்கு வந்த அவர், 1841இல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டபோது நடந்தே செல்ல முடிவுசெய்தார். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, நீலகிரி, மதுரை வழியாக நூற்றுக்கணக்கான மைல் கடந்து இடையன்குடியை அடைந்தார். பல்லக்கும் குதிரையும் ஐரோப்பியருக்கு உரிய வாகனங்களாய் எண்ணப்பட்ட அக்காலத்தில் இது வழக்கத்திற்கு மாறான செயல். மக்களையும் அவர்தம் பேச்சையும் பழக்கவழக்கங்களையும் நெருங்கி அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற்கு அந்நடையே காரணம் என்பது மிகையாகும். எனினும், பல்லக்கின் திரைக்குப் பின்னிருந்து கேட்க இயலாத தமிழை அவர் வழியெங்கும் கேட்டார் என்பதில் ஐயமில்லை.

இங்கே ஓர் உண்மையை மறந்துவிடலாகாது. தனிவழிப் பயணி முற்றிலும் தனியன் அல்லன். தண்ணீர் கொடுத்தவர், திண்ணையில் இடம் தந்தவர், வழி காட்டியவர் ஆகியோரின் பெயர்கள் வரலாற்றில் ஏறவில்லை. நடந்தவர் பெயரே நிற்கிறது. பவுலின் நடைக்கும் மறுமுனை ஒன்றிருந்தது. ஆசோவில் தோழர்கள் காத்திருந்து அவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டனர். தனிமை விசுவாசத்தின் ஒரு பயிற்சியே. ஐக்கியமின்றி அது நிறைவுறாது.

2. சக்கரத்தின் வருகை

1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள மிதிவண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்தார். குதிரை வாங்க வசதியற்ற எளியோருக்கும் நெடுந்தூரப் பயணம் இதனால் கைகூடிற்று. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியபின், மிதிவண்டி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் பழக்கமான பொருளாயிற்று. கைப்பிடியில் பையும் பைக்குள் வேதபுத்தகமுமாகக் கிளைச்சபைகளைச் சுற்றிவந்த போதகர்களையும் உபதேசியார்களையும் நம் மூத்த வாசகர்கள் நன்கு அறிவர். கூப்பிட்டால் நிற்கவும், களத்துமேட்டில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசவும் அவ்வண்டி இடங்கொடுத்தது.

ஆயினும் அவ்வண்டியில் ஏறியவர் பெரும்பாலும் ஆண்களே. வேதாகமப் பெண்மணிகள் வீடு வீடாகச் சென்றது பெரும்பாலும் நடந்தோ மாட்டுவண்டியிலோதான். மேலைநாட்டிலும் இத்தடை இருந்தது. அமெரிக்க மெதடிஸ்டு திருச்சபையைச் சேர்ந்தவரும் மதுவிலக்கு இயக்கத் தலைவியுமான பிரான்சிஸ் வில்லார்ட் அம்மையார் தம் 53ஆம் வயதில் மிதிவண்டி பழகினார். அவ்வனுபவத்தை 1895இல் ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். நாள்தோறும் சில நிமிடங்கள் வீதம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயின்ற அவர், வண்டியில் நிலைகொள்வதற்கும் வாழ்க்கையில் நிலைகொள்வதற்கும் உள்ள ஒப்புமையை உணர்ந்தார். பெண்ணொருத்தி தன் வலிமையால் தான் விரும்பிய இடத்திற்குச் செல்வதை அவர் தம் விசுவாசத்திற்கு இசைந்ததாகவே கண்டார்.

3. புதுக்கோட்டையில் நிகழ்ந்தது

அவ்வம்மையார் தனியொருவராகப் பழகியதை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஓர் இயக்கமாகவே நிகழ்த்திக் காட்டினர். 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம்பெறப் போராட வேண்டியிருந்த ஊர் அது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்றதைத் தொடர்ந்து, 1991இல் புதுக்கோட்டையிலும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களின் மிதிவண்டிப் பயிற்சியையும் அவ்வியக்கத்தின் அங்கமாக்கி, வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி பழகினர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்து நகர வீதிகளில் அணிவகுத்தனர்.

ஏளனம் இல்லாமலில்லை, ஆயினும் அவர்கள் நிறுத்தவில்லை. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் வண்டியையே ஏற்றனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதனையே விரும்பியோரும் உண்டு. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் அவ்வண்டியில் ஏறின. பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்கும் வேளை குறைந்தது. வறுமையும் சாதிவேற்றுமையும் இதனால் ஒழிந்துவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் தனியே போய்வரும் உரிமை என்னவென்பதைச் சாமானியப் பெண்கள் அனுபவித்து அறிந்தனர்.

4. திருச்சபைக்குரிய வினா

இந்நிகழ்ச்சி ஒரு மிஷன் சங்கத்தின் பணியன்று. எழுத்தறிவு இயக்கத்தின் பணி. இது நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும். பெண் கல்விக்குப் பள்ளிகள் திறந்தது நம் முன்னோரின் பெருமை. ஆனால் படித்த பெண் தனியே வழிநடக்கும் விடுதலையைக் குறித்து நம் சேகரங்கள் எவ்வளவு அக்கறை கொண்டன? ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை ஏற்றுக்கொண்டு, அவளுக்கு வேண்டிய உதவிகளைச் செய்யும்படி கேட்கிறார். ரோமாபுரி நிருபத்தைச் சுமந்து சென்றவள் அவளே என்பது அறிஞர் பலரின் துணிபு. பவுல் அவளது பயணத்தைத் தடுக்கவில்லை. அவளை வரவேற்கும் கடமையைச் சபையின்மேல் வைக்கிறார்.

2013இல் தென்னிந்தியத் திருச்சபை தன் முதற் பெண் பேராயரை அபிஷேகம் செய்தது. எனினும், கிளைச்சபையொன்றுக்கு மாலை ஆராதனை நடத்தச் செல்லும் பெண் ஊழியரின் நிலை பேராயர் பீடத்தால் மட்டும் மாறுவதன்று. எவ்வண்டியில் போவார், இரவில் எங்கே தங்குவார், எவ்வாறு திரும்புவார் என்பதைச் சேகரக் கமிட்டி ஒவ்வொன்றும் விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளது. இவற்றை விசாரியாமல், பெண்ணுக்கு அது ஏற்ற இடமன்று என்று கூறி ஆணையே அனுப்புவது எளிது. அது பெபேயாளை ஏற்றுக்கொண்ட சபையின் வழியன்று.

மிதிவண்டி பழகுவோருக்குப் பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டே ஓடுவது வழக்கம். நிலைகொண்டதும் அவர் கையை விட்டுவிட வேண்டும்; முன்னரே விட்டால் விழுவர், விடாவிட்டால் பழகவே மாட்டார்கள். ஊழியரை உருவாக்கும் போதகர்களும் இறையியல் ஆசிரியர்களும் அறியவேண்டிய கலை இதுவே.